சனிக்கிழமைத் தண்ணீர்

என் அக்காவுக்கு ஆய்வகத்தில் கைராசி என்று பெயர். வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. வீட்டில் அவள் அடுக்கிய தட்டு சரியும்; அவள் தைத்த பட்டன் இரண்டாம் நாளே நூலில் தொங்கும். "அங்க வச்சிட்டு வர்ற கையை ஒருநாள் இங்கயும் கொண்டு வாயேன்" என்பார் மாமா. மாமா அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். நான் அவர்கள் வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். அக்கா வேலை செய்யும் அதே ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்பது என் வேலை. பேசாமல் செய்யக்கூடிய வேலை.

அக்காவின் மேசை மூன்றாம் மாடியில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. படுக்கவைத்த ஒரு சிரிஞ்சைச் சின்ன மோட்டார் மெல்லத் தள்ளும். அதன் நுனியில் முனை மழுங்கிய ஊசி. ஊசிக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணத்தில் கால்சியம் கலந்த தண்ணீர். சிரிஞ்சுக்குள் இருப்பது ஆல்ஜினேட், பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுத்த பசை. பாசியை ஊறவைத்து, பிழிந்து, பல தடவை அலசி, உலர்த்திப் பொடியாக்கினால் வெள்ளைத் தூள் கிடைக்கும். தண்ணீரில் கரைத்தால் அது மறுபடியும் பசையாகும். ஊசி முனையில் ஒரு துளி கனத்து, யோசித்து, விழும். விழும்போது துளி. தண்ணீரைத் தொட்டதும் உருண்டை. இடையில் நேரம் என்று ஒன்று இல்லை. கடுகைவிடச் சற்றே பெரிய, கண்ணாடி போன்ற உருண்டை.

ஊசியின் உயரம் அரை விரல் கூடினால் உருண்டை தட்டையாகும். குறைந்தால் வால் முளைக்கும். மற்றவர்கள் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அக்கா துளி விழும் சத்தத்தைக் கேட்டு இரண்டு விரலால் திருகுவாள். அன்றைக்கு முழுவதும் ஒரு வால்கூட இருக்காது. அதனால்தான் கைராசி.

இந்த உருண்டைகளுக்குள் கணையத்தின் செல்களை வைக்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் ஆசை. இன்சுலின் சுரக்கும் செல்கள். உருண்டையின் நுண்ணிய துளைகள் வழியாகச் சர்க்கரை உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும். ஆனால் உடம்பின் காவல் அணுக்கள் நுழைய முடியாத அளவு சின்னத் துளைகள் அவை. நுழைய முடியாவிட்டால் என்ன, காவலுக்கு வேறு வழி தெரியும். வந்து தொட்டுப் பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் ஒட்டிக்கொள்ளும், கூட்டாளிகளைக் கூப்பிடும், எல்லாமாகச் சேர்ந்து உருண்டையைச் சுற்றி ஒரு உறை நெய்துவிடும். உள்ளே இருக்கும் செல்கள் மூச்சு முட்டிச் சாகும். நல்ல உருண்டை என்பது உடம்புக்கு எந்த அபிப்பிராயமும் தோன்றாத உருண்டை.

"உன்ன மாதிரிடா. கல்யாண வீட்டுக்கு வந்தது, சாப்பிட்டது, போனது, ஒருத்தருக்கும் தெரியாது" என்பாள் அக்கா.

மாமாவுக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசி. காலையில் சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டே கேட்பார்: "எனக்கு எப்போ உருண்டை?"

"முன்னாடி எலிங்க நிக்குது. வரிசைல வாங்க."

"சிபாரிசு ஒண்ணும் கிடையாதா?"

"எலிக்கும் வீட்டுக்காரி இருக்காங்க."

உருண்டைகளை முதலில் செல் இல்லாமல் வெறுமனே எலியின் வயிற்றில் வைப்பார்கள். நான்கு வாரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். அவை ஒரு வட்டத் தட்டில் என் மேசைக்கு வரும். படம் எடுப்பதற்கு முன் அக்கா வந்து தட்டைச் சாய்த்துப் பார்ப்பாள். அவளுக்கு அதுதான் பரீட்சை. சுத்தமான உருண்டைகள் பள்ளிவிட்ட பிள்ளைகள் போல ஒரே ஓட்டமாக விளிம்புக்கு ஓடும். உறை நெய்யப்பட்டவை ஓடாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வெள்ளையாகப் பூத்து, இருந்த இடத்தில் கிடக்கும்.

நான்கு மாதத்துக்கு முன்பு வரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு தூள்காரர் வந்தார்.

அவர் ஐம்பது வயதுக்காரர். பெரிய கம்பெனி ஒன்றில் இருந்து விலகி, இரண்டு அறை எடுத்து, தாமே கடற்பாசியைச் சுத்தம் செய்து தூளாக்குகிறவர். எவர்சில்வர் டப்பாக்களைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடியும் நடந்தே ஏறுவார். "லிஃப்ட்ல ஆட்டம் அதிகம், தூள் கட்டி தட்டிடும்" என்பார். மாமா காதில் இது விழுந்தால் சண்டை வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடம் அதிகம் பேசாதவர். ஆனால் அவரே தூள்காரரின் அறைக்குப் போய்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து, "இவர் தூள்ல செஞ்சு பாருங்க" என்றார்.

தூளில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது பாக்டீரியாவின் மேல்தோல் துணுக்குகளுக்கு. பாக்டீரியா செத்தாலும் அந்தத் தோல் மிஞ்சும். கொதிக்கவைத்தாலும் போகாது. காவல் அணுக்களுக்கு அந்தத் தோல் ஒன்று போதும். உயிர் இருக்கிறதா என்று அவை கேட்பதில்லை. அதைக் கண்டுபிடிக்க விரலளவுக் குழாய்களில் ஒரு சோதனை உண்டு. சந்தேகப்படும் தண்ணீரை ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். ஒழுகினால் சுத்தம். கட்டியாக அப்படியே நின்றால் தோல் இருக்கிறது. தூள்காரரின் ஒவ்வொரு டப்பாவும் இந்தச் சோதனையில் ஒழுகியது. அவரே பக்கத்தில் நின்று பார்த்து, "ஒழுகுது, ஒழுகுது" என்று மூக்கு ஒழுகும் பிள்ளையைப் பெற்றவர் போலச் சந்தோஷப்பட்டார்.

ஆனால் நான்கு வாரம் கழித்து வந்த உருண்டைகள் ஓடவில்லை. அக்கா தட்டைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். வெள்ளைக் கொத்து அசையாமல் கிடந்தது.

அடுத்த தடவையும் அதே. ஆறு தடவை செய்ததில் ஐந்து வெள்ளை. ஒரே ஒரு தடவை ஓடியது. அதை எல்லாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிட்டோம். மேடம் படங்களைப் பார்த்தார். "பாக்டீரியா தோல் இல்ல. பாசியோட புரதம் ஏதோ தங்கியிருக்கணும். நம்ம சோதனைல அது தெரியாது" என்றார். நியாயமான பேச்சு. பழைய கம்பெனித் தூள் ஓடியது. புதுத் தூள் ஓடவில்லை. செய்த கை ஒன்றேதான், அதுவும் கைராசி. கையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தூள்காரர் தொட்டிகளை உடைத்துப் புதிதாகக் கட்டினார். அலசும் தடவையைக் கூட்டினார். போனில் அக்காவிடம், "தங்கச்சி, இந்தத் தடவ ஓடிச்சா?" என்று கேட்பார். அக்கா, "இல்லண்ணே" என்பாள். அவர், "சரி, எலிக்குத்தான் என் மேல என்ன கோபமோ" என்று வைத்துவிடுவார். கடைசியில் மேடம் அவரைத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார். டப்பாக்களைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்வதற்கு.

அதற்கு முந்தைய ஞாயிறு காலை. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமாவின் வேலைப் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை நிரப்பியது, மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"குடிக்காம அப்படியே கொண்டு வந்திருக்கீங்க."

"மறந்துட்டேன். நல்ல தண்ணிதானே, செடிக்கு ஊத்து."

அக்கா தண்ணீரைக் கொட்டிவிட்டு, வழக்கம்போல உள்ளே விரல் விட்டுச் சுழற்றினாள். விரல் நின்றது. மறுபடி சுழற்றினாள். பிறகு ஈரக் கையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டேய். இதுக்குள்ள விரல விடு."

விட்டேன். வழுவழுவென்று இருந்தது.

"ரெண்டு நாள் நல்ல தண்ணி" என்றாள். அவள் முகம் எங்கோ போய்விட்டது. "அந்த ஆறு படத்தையும் எடு. டப்பா நம்பர் வேண்டாம். கிழமை வாரியா அடுக்கு."

லேப்டாப்பில் அடுக்கினேன். வெள்ளையாகப் பூத்த ஐந்தும் திங்கட்கிழமை செய்தவை. ஓடிய ஒன்று செவ்வாய்க்கிழமை. அந்தத் திங்களன்று மாமாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக அக்கா லீவு எடுத்திருந்தாள். செய்த தேதிகள் எல்லாப் படத்தின் ஓரத்திலும் என் கையாலேயே போடப்பட்டிருந்தன. நான்கு மாதமாகத் தினமும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். பழைய தூள் இருந்த காலத்தில் எலிக்கூடத்தில் எங்கள் முறை வியாழக்கிழமை. புதுத் தூள் வந்த அதே மாதம் அது திங்கட்கிழமைக்கு மாறியது. சுத்தத் தண்ணீர் தரும் இயந்திரம் ஞாயிறு முழுவதும் ஓயும். திங்கள் காலை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் நல்ல தண்ணீர் வரும். அந்த அரை மணி நேரம் வீணாகக் கூடாது என்று அக்கா சனிக்கிழமையே ஒரு வெள்ளைக் கேனில் பிடித்து வைத்துவிடுவாள். திங்களன்று அந்தத் தண்ணீரில் கால்சியம் கலந்து, ஆட்டோகிளேவில் போட்டு, ஆவியில் வேகவைத்து, கிருமி செத்தது என்று நம்பி வேலையை ஆரம்பிப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும், முந்தைய நாளே ஓடத் தொடங்கிய இயந்திரத்திலிருந்து நேராகப் பிடித்திருந்தாள். தூளைச் சோதித்தோம். இரண்டு நாளாகக் கிருமி வழுவழுப்பாகப் படிந்த கேனை யாரும் சோதிக்கவில்லை. செத்த கிருமியின் தோல் மிஞ்சும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

"முன்யோசனைக்காரி" என்றாள். தன்னைத்தான்.

சற்று நேரம் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

யோசித்தேன். "தூள் மாறும். நீ இனிமே கேன் வைக்க மாட்ட. உருண்டை ஓடும். தூள்தான் காரணம்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க."

"யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

"சொன்னா, கைராசி போச்சு."

அவளுக்கு முப்பத்தேழு வயது. படிப்பு பாதியில் நின்றது. அந்த மூன்றாம் மாடியில் பெரிய பட்டம் வாங்கியவர்கள் ஊசியின் உயரத்தைக் கேட்க அவளிடம் வருகிறார்கள். அவளுக்கென்று இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மாமா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையில் செய்தித்தாள்.

"பதினோரு வருஷம் முன்னாடி ஒரு கட்டிடத்துல லிஃப்ட் அடிக்கடி நின்னுச்சு. நான் கதவு சென்சார்தான் கோளாறுன்னு சொல்லி மாத்த வச்சேன். அந்த சென்சாரப் போட்டவன் பாவம், திட்டு வாங்கினான். அப்புறம் கீழ இறங்கிப் பாத்தா, என்னோட ஸ்பேனர் குழில கிடக்குது. கேபிள உரசிக்கிட்டு."

"என்ன பண்ணீங்க?"

"எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது." செய்தித்தாளை மடித்தார். "இன்னைக்கும் அந்தக் கட்டிடத்துக்குப் போனா நான் படிக்கட்டுலதான் ஏறுறேன். ஒம்பது மாடி."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூட்டுவலி மூட்டுவலின்னு இத்தனை வருஷமா என்னைய ஏமாத்திட்டு இருந்தீங்க" என்று பாட்டிலால் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

திங்களன்று நாங்கள் ஏழரைக்கே போய்விட்டோம். கேன் வழக்கமான இடத்தில், கை கழுவும் தொட்டிக்குக் கீழே, நல்ல பிள்ளையாக நின்றது. அக்கா அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, எப்போதும்போல ஆவியில் வேகவைத்து ஆறவிட்டாள். பிறகு கையுறையைக் கழற்றி, கேனுக்குள் வெறும் விரலை விட்டாள். என்னிடம் விரலை நீட்டினாள். பாட்டிலைவிட மோசம்.

சோதனைக் குழாய்கள் மூன்றுதான் மிச்சம் இருந்தன. ஒன்றில் வேகவைத்த கேன் தண்ணீர். ஒன்றில் இயந்திரத்தை அரை மணி ஓடவிட்டுப் பிடித்த தண்ணீர். மூன்றாவது சோதனையே சரியாக இருக்கிறதா என்று பார்க்க. பத்து மணிக்குச் சூட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். யாராவது வேகமாக நடந்தால்கூட, "மெதுவா, மெதுவா" என்று கையசைத்தாள்.

தூள்காரர் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். அன்றைக்கு டப்பா எதுவும் இல்லை, வெறும் பை. மேடம் தன் அறையிலிருந்து வெளியே வந்து, அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"சொல்லுங்க மேடம். தெரிஞ்சுதான் பை கொண்டு வந்திருக்கேன்."

மேடம் வாயைத் திறப்பதற்குள் அக்கா குழாய்களோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தைச் சுமப்பவள் மாதிரி நடந்து வந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம். அண்ணே, நீங்களும் பாருங்க. இது இன்னைக்குக் காலைல பிடிச்ச தண்ணி."

கவிழ்த்தாள். ஒழுகியது.

"இது சனிக்கிழமை நான் கேன்ல பிடிச்சு வச்ச தண்ணி. திங்கட்கிழமை உருண்டை எல்லாத்துக்கும் இதுலதான் கால்சியம் கலந்தேன்."

கவிழ்த்தாள். ஒழுகவில்லை. குழாயின் அடியிலிருந்த கட்டி, தலைகீழாக, கூரையைப் பிடித்துத் தொங்குவது போல அப்படியே நின்றது.

மேடம் குழாயை வாங்கவில்லை; குனிந்து கீழிருந்து பார்த்தார். "கேன் யாரு வச்சது?"

"நான்தான். யாரும் சொல்லல. அரை மணி நேரம் மிச்சம் பண்ணலாம்னு நானே வச்சேன். தூள் மேல தப்பு இல்ல மேடம்."

தூள்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் நாலு தொட்டிய உடைச்சேன்."

"தெரியும்ணே."

"என் வீட்டுக்காரி, என்னோட கையிலதான் ஏதோ இருக்குன்னு என்னைய நாலு வேளை குளிக்க வச்சா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அது மட்டும் நல்லதுக்குத்தாண்ணே" என்றாள் மெல்ல. தூள்காரர் அவளை முறைத்தார். முறைத்தபடியே அவருடைய தொந்தி குலுங்க ஆரம்பித்தது. மேடம்கூட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பியபோது பழைய மேடம். "ஒரு குழாய வச்சு முடிவு பண்ண முடியாது. ரெண்டு தூள், ரெண்டு தண்ணி. நாலு கூட்டம். எது எதுன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. தம்பி கலந்து, ஸ்டிக்கர் ஒட்டித் தரட்டும். நீங்கதான் செய்யணும்."

"நானா?" என்றாள் அக்கா.

"வேற யாரு? வால் இல்லாம யாருக்கு வருது?"

இவ்வளவுதான் மேடம் சொன்னது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஒரு வாரம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டே நடமாடினாள். வரவில்லை.

நான்கு வாரம். மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று நான் ஒட்டிய ஸ்டிக்கர்களோடு நான்கு தட்டுகள் வந்தன. எந்த நிறம் எது என்று எனக்கும் மேடத்துக்கும்தான் தெரியும். தூள்காரரும் வந்திருந்தார், அன்றைக்கு லிஃப்டில் வந்தார். அக்கா தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மஞ்சள் அசையவில்லை. பச்சையைச் சாய்த்தாள், நூறு உருண்டைகள் சத்தமில்லாமல் விளிம்புக்கு ஓடி வந்தன. மறுபக்கம் சாய்த்தாள்; திரும்ப ஓடின. நீலம் கொத்தாகக் கிடந்தது. சிவப்பு ஓடியது.

நான் நிறங்களைப் படித்தேன். ஓடிய இரண்டும் அன்றன்று பிடித்த தண்ணீர். பச்சை பழைய கம்பெனித் தூள். சிவப்பு தூள்காரருடையது.

தூள்காரர் சிவப்புத் தட்டை வாங்கி அவரும் ஒருமுறை சாய்த்தார். இன்னொரு முறை சாய்த்தார். "போதும்ணே, தலைசுத்தும் அதுங்களுக்கு" என்று அக்கா வாங்கி வைக்க வேண்டியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். தெளிந்த வட்டங்கள். ஒன்றின் மேலும் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. நான்கு வாரம் ஓர் உயிருக்குள் இருந்துவிட்டு, யாராலும் கவனிக்கப்படாமல் திரும்பி வந்திருக்கின்றன. அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்க மறந்துவிட்டேன்.

கைராசி என்ற பெயர் போய்விட்டது. இப்போது மூன்றாம் மாடி முழுக்க அவள் கேன் அக்கா. ஆரம்பித்து வைத்தது தூள்காரர்தான், போன் செய்தால், "கேன் இருக்கா?" என்றுதான் கேட்கிறார். புதிதாக வந்த ஆராய்ச்சிப் பெண் பெயருக்குக் காரணம் கேட்டபோது, அக்கா தானே முழுக் கதையையும் சொன்னாள். தொட்டி உடைத்தது, நான்கு வேளைக் குளியல், எல்லாம். நான் என் மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லும்போது கைகளை நன்றாக ஆட்டிச் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணுக்காக, சத்தம் கேட்டு, ஊசியை இரண்டு விரலால் திருகிக்கொடுத்தாள்.

அந்தக் கேனை மாமா வீட்டுக்கு வாங்கி வந்து மேல்பாதியை அறுத்து, ஸ்பேனர்களைப் போட்டு வைத்திருக்கிறார். மாலையில் திரும்பியதும் ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே போடுகிறார்.

"எனக்கு எப்போ?" என்று இன்னமும் காலையில் கேட்கிறார்.

"எலிங்க கொஞ்சம் நகந்திருக்கு" என்கிறாள் அக்கா.

திங்கட்கிழமைகளில் அவள் அரை மணி முன்னதாகக் கிளம்புகிறாள். ஒரு திங்களன்று நானும் கூடப் போனேன். இயந்திரத்தைப் போட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து, செருப்பைக் கழற்றி, கால்களை இன்னொரு ஸ்டூலில் நீட்டினாள். குழாயிலிருந்து தண்ணீர் மெல்லிய கம்பியாகத் தொட்டியில் விழுந்து வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. வேறு எந்த வேலையையும் எடுக்கவில்லை.

"என்ன பண்ற?" என்றேன்.

"தண்ணி ஓடுது, பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். "உக்காருடா. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."